பட்டினி வீரமா?

குஸ்தி, குத்துச்சண்டை முதலிய எடைக்கட்டுப் பந்தயங்களில் இறங்குகிறவர்கள் வயிற்றைக் காயப்போடுவதைப் பெரிய வீரமென்றும், கட்டுப்பாடென்றும் மெச்சிப் பேசுவது எங்கும் வழக்கமாயிருந்து வருகின்றது. இது வீரந்தானா, அல்லது அறியாமையா என்று நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

2024-ம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் என்னும் குஸ்தி வீராங்கனை 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூன்று பேரை ஜெயித்தார். அன்றிரவெல்லாம் எடையைக் குறைக்கப் பாடுபட்டு, தலைமயிரைக்கூட வெட்டியும், மறுநாள் காலை 100 கிராம் அதிகமென்று தள்ளப்பட்டார். நீர் வற்றி வைத்தியமும் செய்துகொள்ள நேர்ந்தது. பதக்கம் போயிற்றே என்று அழுதவர்கள் அநேகர். அந்தச் சரீரம் என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இது ஓரிரவுச் சங்கதி. மாதக்கணக்கில் அரைவயிற்றோடு உழைப்பதன் கேடோ வெளியே தெரிவதில்லை. உண்ட ஆகாரத்தில் பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சுவதைக் கொண்டுதான் இருதயமும், எலும்பும், இரத்தமும் நடைபெற வேண்டும். மிச்சம் போதாவிட்டால் சரீரம் ஒவ்வொரு இலாகாவாகச் செலவைச் சுருக்குகின்றது. பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும், ஆணுக்கு ஆண்மைச் சத்துக் குறையும், எலும்பு முறியும், நோய் அடிக்கடி வரும், மனமும் சோர்ந்துபோகும். செலவு சுருங்கிவிடுவதால் எடை குறையாமலும் இருக்கக்கூடும். ஆகவே தராசை மட்டும் நம்புவது மடமையாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014-லேயே இதற்குத் தனிப் பெயரிட்டு, ஆணுக்கும் உண்டென்று எச்சரித்து விட்டார்கள்.

மாதவிடாய் நின்றால் "கடும் பயிற்சியின் அடையாளம்" என்கிறார்கள். அல்லது வெட்கமென்று வாயை மூடிக்கொள்கிறார்கள். எலும்பு உளுத்துப்போகும் விஷயத்தில் வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கின்றது? மாத்திரை கொடுத்து விடாயை வரவழைப்பது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. ஆகாரத்தைக் கூட்டி, பயிற்சியைக் குறைத்து, வைத்தியர் பார்வையில் வைப்பதே சிகிச்சை.

அமெரிக்காவில் 1997-ம் வருஷக் கடைசியில், எடை குறைக்கும் முயற்சியில் மூன்று கல்லூரிக் குஸ்தி மாணவர்கள் சில வாரங்களுக்குள் மாண்டார்கள். அதன் பிறகே ரப்பர் உடையையும், வெந்நீராவி அறையையும் தடுத்து, ஒவ்வொருவரும் இதற்குக்கீழ் இறங்கக்கூடாது என்று எடையும் வரையறுத்தார்கள். பிணம் விழுந்த பிறகுதானா புத்தி வரவேண்டும்?

ஆகையால் பிள்ளைகளைப் பந்தயத்துக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவதாவது: "எத்தனை கிலோ குறைத்தாய்?" என்று கேட்பதற்கு முன், "வயிறாரச் சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மகளிடம் மாதவிடாயைப் பற்றிக் கூச்சமின்றி விசாரியுங்கள். பட்டினி போட்டுத்தான் ஜெயிக்க வைக்க முடியும் என்கிற ஆசானுக்குப் பயிற்சி கொடுக்கும் யோக்கியதை கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.