காட்சியும் கருத்துரையும்

நுழையும்முன்

கைப்பேசி வந்தபின் படம் எடுக்காத வீடு இல்லை. எடுத்த படத்தைப் போட்டிக்கு அனுப்பும் ஆர்வமும் மாணவரிடையே வளர்ந்துவருகிறது. ஆனால், படம் எடுப்போர் பெருகிய அளவிற்கு, அதனை நின்று பார்த்துக் கருத்துரைப்போர் பெருகவில்லை. பிறர் ஆக்கத்தை மதிப்பிடுவதும் ஒரு கலை. அதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒரு சொல் தீர்ப்பு

சென்னையின் மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் ஏரியும் ஆலையும் அருகருகே இருக்கின்றன. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியில் கொக்குகள் இரைதேடுகின்றன. அதே ஊரில் கனரக ஊர்தித் தொழிற்சாலை இயங்குகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் இரும்பு சுருள்சுருளாகச் சீவப்படுகிறது. பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கிறது. இங்கு வாழும் இளைஞருக்குக் காட்சிப் பஞ்சம் இல்லை.

இவ்வூர்ப் பள்ளியொன்றில் ஒளிப்படப் போட்டி நடப்பதாகக் கொள்வோம். மாணவி ஒருத்தி விடியற்காலையில் ஏரிக்கரைக்குச் சென்று, பறந்தெழும் கொக்கைக் கைப்பேசியில் எடுத்து அனுப்புகிறாள். பரிசு கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, 'படம் தெளிவாக இல்லை' என்று விடை வருகிறது. அவளுடைய தோழி அதே படத்தைப் பார்த்து, 'அருமை' என்கிறாள். இரண்டு விடைகளும் எதிரெதிரானவைபோலத் தோன்றினாலும் உண்மையில் ஒரே தன்மையன. படத்தைப் பாராமலேயே சொல்லக்கூடியவை அவை. ஒன்று அவளைச் சோர வைக்கிறது. மற்றொன்று அவளை நின்ற இடத்திலேயே நிறுத்துகிறது.

'தெளிவாக இல்லை' என்பதற்குள் குறைந்தது நான்கு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். விடியலின் மங்கிய ஒளியில் கருவி நீண்டநேரம் திறந்திருந்ததால் கை நடுங்கியது பதிவாகியிருக்கலாம். கை அசையாதிருந்தும் பறவையின் சிறகு அந்நேரத்திற்குள் நகர்ந்திருக்கலாம். குவியம் பறவையின்மீது விழாமல் முன்னால் நின்ற நாணலின்மீது விழுந்திருக்கலாம். தொலைவிலிருந்த பறவையைத் திரையில் விரல்களால் விரித்துப் பெரிதாக்கியதால் நுண்விவரங்கள் சிதைந்திருக்கலாம்.

இந்நான்கிற்கும் தீர்வு வேறுவேறு. முதலாவதற்குக் கையைச் சுவரிலோ மரத்திலோ ஊன்றினால் போதும். இரண்டாவதற்கு ஊன்றுதல் உதவாது. வெயில் ஏறும்வரை காத்திருந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டவேண்டும். மூன்றாவதற்குத் திரையில் பறவையைத் தொட்டுக் குவியப்படுத்தவேண்டும். நான்காவதற்குப் பறவை அஞ்சாத அளவிற்கு நெருங்கிச் செல்லவேண்டும். அல்லது, பரந்த நீர்ப்பரப்பில் சிறு புள்ளியாகவே அதனைக் காட்டத் துணியவேண்டும். எந்தக் காரணம் என்று சொல்லாத கருத்துரை, நோயின் பெயரைச் சொல்லாமல் 'உடல் நலமில்லை' என்று மட்டும் எழுதித்தரும் மருத்துவச் சீட்டைப் போன்றது.

பெயரிடப்பட்ட குற்றம்

குற்றத்திற்குப் பெயரிட்டுச் சொல்லும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துக் கூறுகிறது. 'நூல் நன்றாக இல்லை' என்று அது பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடவில்லை; குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. பெயரிடப்பட்ட குற்றமே திருத்தக்கூடிய குற்றம்.

இப்பெயர்களை ஒளிப்படத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். ஏரியின் மாலை வானத்தைச் செயலியில் திருத்தி, இயற்கையில் இல்லாத செந்நிறத்தை ஏற்றுவது மிகைபடக் கூறல். பூ விற்கும் மூதாட்டியை எடுக்க விரும்பியவர், அவருக்குப் பின்னே பளிச்சிடும் விளம்பரப் பலகையையும் சேர்த்து எடுத்தால், அது மற்றொன்று விரித்தல். ஒரே காட்சியைச் சிறு மாற்றங்களுடன் ஐந்து படங்களாக அனுப்புவது கூறியது கூறல். குற்றங்களுக்குப் பெயர் தந்த அதே நூல் அழகுகளுக்கும் பெயர் தந்திருப்பது கவனிக்கத்தக்கது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் படத்திற்கும் அழகே. ஆகவே, பாராட்டும் பெயர் சொல்லியே அமையவேண்டும். 'அருமை' என்பதைவிட, 'நீரில் விழுந்த நிழலையும் சேர்த்து எடுத்ததால் கொக்கின் தனிமை விளங்குகிறது' என்பது மேலான பாராட்டு. எதனை இழக்கக்கூடாது என்பதை அது எடுத்தவருக்கு உணர்த்திவிடுகிறது.

வரலாறு தரும் சான்றுகள்

லண்டனிலிருந்து வெளிவந்த 'அமெச்சூர் போட்டோகிராபர்' என்னும் இதழ் 1887ஆம் ஆண்டு விடுமுறைக்காலப் போட்டி ஒன்றை நடத்தியது. ஜெர்மனியில் பயின்றுவந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் 23 வயது அமெரிக்க இளைஞர் தம் படங்களை அனுப்பினார். இத்தாலியச் சிற்றூர் ஒன்றில் சிரித்து நிற்கும் சிறுவர்களைக் காட்டிய அவருடைய படத்திற்கு நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன் முதற்பரிசு அளித்தார். பரிசோடு அவர் நிற்கவில்லை. அந்த இளைஞருக்கு எழுதிய மடலில், வந்தவற்றுள் தன்னியல்பாக அமைந்த ஆக்கம் அதுவே என்று குறிப்பிட்டார். 'தன்னியல்பு' என்னும் அந்த ஒரு சொல்லில் படத்தின் வலிமை எதுவென்பது அடங்கியிருந்தது. பின்னாளில் ஸ்டீக்லிட்ஸ் 1903 முதல் 1917 வரை 'கேமரா ஒர்க்' என்னும் இதழை நடத்தி, ஒளிப்படம் ஒரு கலையே என்று உலகை ஏற்கச் செய்வதில் முன்னின்றார்.

சென்னைக்கும் இத்தகைய மரபு உண்டு. படைத்துறை அலுவலரான லின்னேயஸ் டிரைப், ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்து 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் வைத்தார். நடுவர் குழு அவற்றைச் சிறப்பித்துப் பாராட்டியது. மறு ஆண்டே அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரானார். 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் பதிவுசெய்தார். ஒளிப்படக் கலைஞர்கள் தம் படங்களைக் கொண்டுவந்து ஒருவரோடொருவர் உரையாடும் சங்கமும் 1850களிலேயே சென்னையில் தோன்றிவிட்டது. மதிப்பிடுவோரும் இக்கலையோடு சேர்ந்தே வளர்ந்திருக்கின்றனர்.

நடுவரின் விருப்பமும் படத்தின் நோக்கமும்

கருத்துரைப்போர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. தமக்குப் பிடித்ததையே நல்லதென்று கொள்ளுதல் அது. அம்பத்தூர் மாணவன் ஒருவன் தன் தந்தை வேலைசெய்யும் லேத் பட்டறையைப் படமெடுத்து அனுப்புகிறான். கூரை ஓட்டையின் வழியே விழும் ஒற்றை ஒளிக்கற்றை, எண்ணெய் படிந்த கைகளின்மீது மட்டும் படுகிறது. மற்ற இடமெல்லாம் இருள். 'வெளிச்சம் போதாது, ஏரியில் சூரியன் மறைவதை எடுத்திருக்கலாம்' என்று நடுவர் எழுதினால், அவர் அப்படத்தை மதிப்பிடவில்லை, தம் மனத்திலுள்ள வேறொரு படத்தைக் கேட்கிறார். அந்த இருள் பிழையா, கருத்தா என்பதே அங்கு எழவேண்டிய வினா. சட்டகத்தை மூன்றாகப் பகுத்து அதன் கோட்டில் பொருளை நிறுத்தும் முறையும் ஒரு வழிகாட்டியே, சட்டமன்று. கைகளை நட்டநடுவில் வைத்திருப்பது அவற்றுக்குரிய மதிப்பைத் தருமானால், அதுவே அப்படத்திற்குப் பொருத்தமான அமைப்பு.

இங்குத் திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம் துணைவருகிறது. ஒருவரிடத்துள்ள குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்தது எதுவென அறிந்து தெளியுமாறு வள்ளுவர் வழிகாட்டுகிறார். ஓரத்தில் வெட்டுண்ட ஒரு விரலுக்காகப் படத்தையே ஒதுக்குவோர் இவ்வறத்தை மறந்தவராவர்.

ஆயினும், சில குறைகள் தொழில்நுட்பம் சார்ந்தவை அல்ல. ஏழ்மையையோ துயரையோ உரியவரின் இசைவின்றி எடுத்த படம் எத்துணை அழகாக இருந்தாலும், 'இவரிடம் கேட்டீர்களா?' என்று வினவுவது நடுவரின் கடமை. அவ்வினாவை வெறுப்பின்றிக் கேட்கவேண்டும்; கேட்காமலும் விடக்கூடாது.

மூன்று தொடர்கள்

நூற்றுக்கணக்கில் படங்கள் குவியும்போது ஒவ்வொன்றுக்கும் எழுத நேரமேது என்று போட்டி நடத்துவோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நீண்ட திறனாய்வு தேவையில்லை. மூன்று தொடர்கள் போதும். படத்தில் கண்டது என்ன என்பது முதல் தொடர். எது அதற்கு வலுச்சேர்க்கிறது, எது தடுக்கிறது என்பது இரண்டாவது. அடுத்தமுறை செய்துபார்க்கத்தக்கது என்ன என்பது மூன்றாவது. எல்லாருக்கும் இயலாதெனில், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கேனும் எழுதித்தரலாம். எஞ்சியோரின் படங்களை மாணவர்களே சிறுகுழுக்களாக அமர்ந்து பேசலாம். காரணம் கூறாமல் பரிசுப் பட்டியலை மட்டும் ஒட்டும் போட்டி, வென்றவர் சிலரை மகிழ்விக்கும். எவருக்கும் எதையும் கற்றுத்தராது.

கடுஞ்சொல்லே கலைஞரை உரமேற்றும் என்பது மற்றொரு வாதம். கடுமைக்கும் துல்லியத்திற்கும் வேறுபாடுண்டு. 'குவியம் நாணலில் விழுந்துவிட்டது' என்பது துல்லியம். அதில் ஒளிவுமறைவில்லை, இழிவும் இல்லை. 'உனக்குப் படமெடுக்க வராது' என்பது வெறுங்கடுமை. அது படத்தைவிட்டு ஆளைத் தாக்குகிறது. குறையை மறைத்துப் புகழ்வதும் அன்பாகாது. அது வளர்ச்சிக்கு இடும் தடை.

கருத்துரைக்கப் பழகுவதால் கருத்துரைப்பவரும் வளர்கிறார். பிறர் படத்தில் மற்றொன்று விரிந்திருப்பதைக் கண்டவர், தம் படத்தை எடுக்குமுன் பின்புலத்தை ஒருமுறை நோக்குவார். அந்த மாணவிக்கும் தேவைப்பட்டது பரிசன்று. 'குவியம் நாணலில் விழுந்திருக்கிறது. நீரின் நிழலை விட்டுவிடாதே. வெயில் ஏறியபின் பறவையைத் தொட்டு எடுத்துப்பார்' என்று யாரேனும் சொல்லியிருந்தால், மறுநாள் விடியலில் அவள் மீண்டும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றிருப்பாள்.