உலோகத் தகட்டில் மர்லின்: சுவரில் மாட்டும்முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

புது ஃபிளாட்டுக்குக் குடிபோகும் இளைஞர்களின் ஷாப்பிங் பட்டியலில் ஏற வாய்ப்புள்ள பொருள் இது: அலுமினியத் தகட்டில் அச்சான பாப் ஆர்ட் படம். சோபாவுக்கு மேலே மஞ்சள் முடி மர்லின் மன்றோ, சமையலறையில் கேம்ப்பெல்ஸ் சூப் டின், ஆபீஸ் மேஜைக்கு எதிரே புள்ளிகளால் ஆன காமிக்ஸ் பெண்.

“ஒரிஜினலை நம்மால வாங்க முடியுமா? சும்மா அழகுக்குத்தானே!” என்பார்கள் வாங்கியவர்கள். “நகலெல்லாம் கலையே இல்லை” என்பார்கள் ஓவிய ரசிகர்கள். இரண்டுமே பாதிதான் சரி.

நகல் என்பது குறையா?

பாப் ஆர்ட்டைப் பொறுத்தவரை இல்லை. 1962இல் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கேலரியில் ஆண்டி வார்ஹோல் 32 சூப் டின் ஓவியங்களை வைத்தார். ஒவ்வொரு சுவைக்கும் ஒரு படம். மளிகைக் கடை அலமாரி மாதிரியே அடுக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டில் சில்க் ஸ்கிரீன் அச்சுமுறைக்கு மாறினார். அவருடைய மர்லின்கூட 1953இல் வெளிவந்த ‘நயாகரா’ படத்தின் விளம்பரப் புகைப்படத்திலிருந்து வந்தவர்தான். தன் ஸ்டுடியோவுக்கு அவர் வைத்த பெயர் ‘ஃபேக்டரி’.

உலோகமும் புதிதல்ல. ராய் லிக்டென்ஸ்டைன் 1960களின் நடுவிலேயே எஃகுத் தகட்டில் எனாமல் படைப்புகளைச் செய்தார். ஆகவே, தகட்டில் அச்சிட்டதால் பாப் ஆர்ட்டின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

தகட்டில் படம் எப்படி ஏறுகிறது?

முதலில் சிறப்புச் சாயத்தால் காகிதத்தில் படம் அச்சாகும். பூச்சுப் பூசிய அலுமினியத் தகட்டின் மேல் அதை வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். கண்ணாடியும் தேவையில்லை, ஃபிரேமும் தேவையில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தட்டையான நிறம், தடித்த கோடு, புள்ளிகள் என்று இருக்கும் பாப் ஆர்ட்டுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். தூரிகைத் தடம் தெரிய வேண்டிய எண்ணெய் ஓவியத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஜன்னலுக்கு நேர் எதிரே பளபளப்புத் தகட்டை மாட்டினால் மர்லின் தெரிய மாட்டார், வெளிச்சம்தான் தெரியும். அங்கே மேட் ஃபினிஷ் நல்லது. நேரடி வெயில் பட்டால் நாளடைவில் நிறம் மங்கும்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

யாருடைய படம், யாருக்குக் காசு என்பதில்தான்.

லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் லிக்டென்ஸ்டைனின் ‘வாம்!’ (1963), ஒரு போர்க் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. லிக்டென்ஸ்டைன் உலகப் புகழ் பெற்றார். நோவிக்கின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் பழைய கணக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. பாடகர் பிரின்ஸை 1981இல் புகைப்படம் எடுத்தவர் லின் கோல்ட்ஸ்மித். 1984இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் அவருக்கு 400 டாலர் கொடுத்து, அந்தப் படத்தை வைத்து வார்ஹோல் ஒரே ஒருமுறை வரைய அனுமதி வாங்கியது. வார்ஹோலோ 16 படைப்புகள் செய்துவிட்டார். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது, அவற்றில் ஒன்றை அட்டையில் போட்ட பதிப்பகம் வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு பைசா வரவில்லை. அந்த அனுமதி விவகாரத்தில் 2023 மே மாதம், 7க்கு 2 என்ற கணக்கில் நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள்.

இந்தியச் சட்டப்படி, ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. வார்ஹோல் இறந்தது 1987இல். அதாவது 2047 முடியும்வரை. லிக்டென்ஸ்டைன் இறந்தது 1997இல், 2057வரை. “நெட்ல கிடக்குதே” என்பது அனுமதி ஆகாது. வீட்டில் மாட்டியவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அனுமதியின்றி அச்சிட்டு விற்பவருக்குத்தான் சட்டச் சிக்கல். ஆனால், அவர் கல்லாவை நிரப்புவது வாங்குபவரின் காசு.

என்ன செய்யலாம்?

உரிமம் பெற்ற அச்சா என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில். இன்னொரு வழியும் இருக்கிறது. அதே தகட்டில், அதே சூட்டில், இன்று வாழும் ஓர் இளம் ஓவியரின் படத்தையும் அச்சிடலாம். அச்சுக்கூலியில் மாற்றமில்லை, கூடுதலாகக் கொடுக்கும் தொகை வரைந்தவர் கைக்கே போகும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளி சுவரைப் பார்த்து, “சூப்பரா இருக்கே, யார் வரைஞ்சது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், அந்தச் சுவரில் இருப்பது வெறும் அலங்காரம் அல்ல.