ஹீமோஃபிலியா: ரத்தம் நின்னா போதுமா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். மருந்து சந்தேகமெல்லாம் உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க.

ஹீமோஃபிலியான்னதும் நம்ம மக்கள் நினைக்கறது, சின்னதா கீறல் விழுந்தாலே ரத்தம் கொட்டி ஆளு காலிங்கறதுதான். சினிமா புண்ணியம். நிஜத்துல இவங்கள வருஷக்கணக்கா படுத்தி எடுக்கறது வெளிய கொட்டற ரத்தம் இல்லை. முழங்கால், முழங்கை, கணுக்கால்னு மூட்டுக்குள்ள கசியற ரத்தம்.

எங்க அத்தை பையனுக்கு ஃபேக்டர் 8 கிடையாது. வயசு 26. வலது முட்டி பாதிக்கு மேல மடங்காது, நொண்டித்தான் நடப்பான். இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தியிருக்காங்க. அப்புறம் எப்படி முட்டி போச்சு? இந்தக் கேள்வி கொடஞ்சதுல கொஞ்சம் படிச்சேன். புரிஞ்சதைச் சொல்றேன்.

மூட்டைச் சுத்தி உள்பக்கமா ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. உள்ள கசிஞ்ச ரத்தத்தைச் சுத்தம் பண்றது அதுல இருக்கற மேக்ரோஃபேஜ் செல்களோட வேலை. அதுங்க சிவப்பணுவை முழுங்கும். சிவப்பணுவுல இருக்கற இரும்பு மட்டும் செரிக்காம சவ்வுலயே தங்கிடும். உடனே அந்த செல்கள் அபாய மணி அடிக்க ஆரம்பிக்கும். மணின்னா, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இண்டர்லூக்கின்-1 பீட்டா, இண்டர்லூக்கின்-6 மாதிரியான சைட்டோகைன்கள். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பற சேதின்னு வச்சுக்கங்க.

சேதி போன இடமெல்லாம் ரகளை. குருத்தெலும்பு செல்கள், தான் உக்காந்திருக்கற குருத்தெலும்பையே அரிக்கற என்சைம்களைச் சுரக்கும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும். அது இரும்போட சேர்ந்தா உண்டாகற சமாச்சாரம் அந்த செல்களையே கொன்னுடும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, போனா போனதுதான். இன்னொரு பக்கம் சவ்வு தடிச்சு, புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைக்கும். எல்லாம் சொத்தைக் குழாய். லேசா இடிச்சாலே உடையும். மறுபடி ரத்தம், மறுபடி இரும்பு, மறுபடி மணி. எங்க பாஷையில சொன்னா இன்ஃபினிட் லூப்.

இப்ப கவனிங்க. ஃபேக்டர் ஊசி ரத்தத்தைத்தான் நிறுத்தும். அடிச்ச மணியை நிறுத்தாது. என்னைக் கேட்டா, "ரத்தம் வந்தா ஆஸ்பத்திரிக்கு வா, ஊசி போடறோம்"ங்கற முறையே தப்பு.

இதை வெறும் ஜல்லின்னு நினைக்காதீங்க. 2007-ல அமெரிக்காவுல வெளியான ஆய்வு ஒண்ணு. 65 சின்னப் பசங்க. ஒரு குழுவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபேக்டர். இன்னொண்ணுக்கு ரத்தம் கசிஞ்சா மட்டும், ஆனா தாராளமான டோஸ்ல. 6 வயசுல எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்தா, முதல் குழுவுல 93 சதவீதம் பேருக்கு மூட்டு நல்லாருக்கு. ரெண்டாவதுல 55 சதவீதம்தான். அவ்வளவு வசதி இருக்கற ஊர்லயே இந்த லட்சணம்.

அத்தை வீடு கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். அவங்களாவது பஸ் ஏறி கள்ளக்குறிச்சி போயிடலாம். மலைமேல வெள்ளிமலையைத் தாண்டி உள்ள இருக்கற கிராமத்துல ராத்திரி ஒரு பையனுக்கு முட்டி வீங்குதுன்னா? சுளுக்குன்னு சொல்லி சூடா எண்ணெய் போட்டு உருவுவாங்க. (தயவுசெஞ்சு வேணாம், கசிவு இன்னும் அதிகமாகும். வலிக்குன்னு ஆஸ்பிரினும் வேணாம், அது தட்டணுக்களையும் முடக்கும்.) விடிஞ்சு பஸ் பிடிச்சு மலை இறங்கறதுக்குள்ள உள்ள மணி அடிக்க ஆரம்பிச்சிருக்கும்.

அப்ப மணியையே அமுக்க மருந்து இல்லையான்னா, முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கற ஊசி 1998-லயே வந்தாச்சு. ஹீமோஃபிலியா எலிகள்ல அந்தப் பாதையை அடைச்சுப் பாத்து, எலும்புத் தேய்மானம் குறையுதுன்னு 2018-ல எழுதியிருக்காங்க. மனுஷங்களுக்கு அது வழக்கமான சிகிச்சையா இன்னும் வரலை. வேலூர் சி.எம்.சி.யில 5 பேருக்கு மரபணு சிகிச்சை குடுத்து, அதுக்கப்புறம் அவங்களுக்கு ரத்தக்கசிவே இல்லைன்னு 2024 டிசம்பர்ல அறிவிச்சாங்க. நிஜமாவே பெரிய விஷயம். ஆனா ஏற்கனவே அரிச்சுப்போன குருத்தெலும்பை அதுவும் திருப்பித் தராது.

அதனால மணி அடிக்கறதுக்கு முன்னாடியே மருந்து போய்ச் சேரணும். 2020-ல வந்த உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்போட வழிகாட்டியும், தேவைப்படும்போது மட்டும் ஊசிங்கறதை நீண்டகால வழியா எடுத்துக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. அதை எழுதின குழுவுக்குத் தலைமை, அதே வேலூர் சி.எம்.சி.யோட டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. நம்ம பக்கத்து ஊர் ஆளு!

காசுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. அதே வழிகாட்டியில குறைஞ்ச டோஸ் முறையும் இருக்கு. கிலோவுக்கு 10-லேர்ந்து 15 யூனிட், வாரம் 2 அல்லது 3 நாள். பணக்கார நாட்டு அளவுல பாதிக்கும் கம்மி. 30 வயசுல மூட்டு மாத்து ஆபரேஷன் பண்ணா, அதுக்கு எத்தனை ஃபேக்டர் கொட்டணும்னு யாராவது கணக்குப் போட்டுப் பாருங்க. எமிசிசுமாப்னு இன்னொரு ஊசி, இன்சுலின் மாதிரி தோலுக்கடியில போடறது, மாசம் ஒண்ணுகூடப் போதும். மலைக்கு அதுதான் தோது, விலைதான் கண்ணைக் கட்டுது.

2019-ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு, 2022-ல மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. சந்தோஷம். ஆனா மருந்து அங்கயே உக்காந்திருந்தா போதாது. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையெல்லாம் வீட்டுக்கே வந்துச்சு இல்லையா? அந்த வழியில ஃபேக்டர் மலை ஏறக்கூடாதா? ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசிக்கு 2-லேர்ந்து 8 டிகிரியில ஃப்ரிட்ஜ் இருக்கு. அதுல வேற மருந்து வைக்கக்கூடாதுன்னு விதி. சரி, பக்கத்துல சின்னதா இன்னொண்ணு வைங்க. ஊசி போட நர்ஸ் இருக்காங்க, அம்மாக்களுக்கும் கத்துக்குடுக்கலாம்.

இதுல எங்க ஓட்டை இருக்குன்னு சுகாதாரத்துறையில இருக்கற பதிவர் யாராவது பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மறதுக்கு அடுத்த மொக்கைப் பதிவு ரெடியா இருக்கு, அங்க வந்து கும்முங்க :-)