சீலன்னா நல்லவன்னு நினைச்சேன்

இந்தியில 'சீலன்'னு ஒரு வார்த்தை இருக்கு. நம்ம ஊர்ல குணசீலன், தர்மசீலன்னு ஆசையாப் பேர் வைப்போம். டெல்லிக்கு மாற்றலாகி வந்த புதுசுல வீட்டு புரோக்கர், "பேஸ்மென்ட்ல கொஞ்சம் சீலன் இருக்கும் சார், மத்தபடி வீடு அருமை"ன்னு இந்தியில சொன்னப்ப, கீழே யாரோ குடியிருக்கார் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஜூலை மாசம்தான் தெரிஞ்சது, சீலன்னா சுவர்ல ஊறுற ஈரம்னு. வாடகை தராம நம்ம கூடவே குடியிருக்கிற ஆள்ங்கிறதால நான் நினைச்சதும் ரொம்பத் தப்பில்லை.

நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். எங்க ஊர்ல நாலு படி ஏறினாத்தான் திண்ணை. தண்ணி கீழேயே போகட்டும், மனுஷன் மேலே இருக்கட்டும்ங்கிற கணக்கு. இங்கே மண்ணோட விலை அப்படி இல்லை. பழைய வீட்டை இடிச்சு நாலு மாடி கட்டுறாங்க, அது போதாதுன்னு எட்டடி தோண்டிக் கீழேயும் ஒரு மாடி. வங்கி லீஸ்ல எங்களுக்குக் கிடைச்சது தரைத்தளமும் அதுக்குக் கீழே பேஸ்மென்ட்டும். மே மாச வெயில்ல அது சொர்க்கம். பொண்ணு படிக்கிற அறைன்னு ஒதுக்கினோம். மேஜை, விளக்கு, புத்தக அலமாரி எல்லாம் இறங்கிடுச்சு.

அது 2022. ஆகஸ்ட்ல சுவரோட அடிப்பக்கம் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. தொட்டா பொலபொலன்னு கொட்டுது. உள்ளேருந்து அரிசி மாவு மாதிரி வெள்ளையா உப்பு பூக்குது. பழைய கோணிச்சாக்கு வாசனை வேற. பொண்ணுக்கு இருமல். முதல்ல தூசின்னோம், அப்புறம் டெல்லி புகைன்னோம். டாக்டர்கிட்ட போனா அவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல சுவர் ஈரமா இருக்கா? பூஞ்சணம் இருக்கா?" தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, வேண்டாம் விடுங்க.

வீட்டுக்காரர் மேல்மாடியில இருக்கார். ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன். "ஆயிடும், மேனேஜர் சாப்"னு சொல்லி தீபாவளிக்கு முன்னாடி ஆள் கூட்டிட்டு வந்தார். சுரண்டினாங்க, வால் புட்டி அடிச்சாங்க, வாட்டர்ப்ரூப்னு டப்பாவுல எழுதின பெயின்ட்டை ரெண்டு கோட்டிங் குடுத்தாங்க. பளிச்சுன்னு ஆயிடுச்சு. 2023 ஜூலையில மறுபடி அதே அப்பளம். மறுபடி சுரண்டல், புட்டி, பெயின்ட்.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பேர் உண்டு. எவர்கிரீனிங். வராக்கடன் ஆகப்போற கணக்குல புதுசா ஒரு கடனைக் குடுத்து, அந்தப் பணத்துலயே பழைய பாக்கியைக் கட்டினதாக் காட்டுறது. மார்ச் 31 அன்னிக்குக் கணக்கு பச்சையா இருக்கும். கடன் மட்டும் அப்படியே இருக்கும், கொஞ்சம் பெருசாவும் ஆகியிருக்கும். தீபாவளிப் புட்டியும் இதேதான். சுவர் காயலை, வெள்ளையாச்சு. அவ்வளவுதான்.

பெயின்ட் ஏன் நிக்காதுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நிக்கிற தண்ணி, அடியில ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ, அதாவது ஒரு டன் எடையில அழுத்தும். நல்ல மழையில பேஸ்மென்ட் சுவருக்கு வெளியே மண்ணு முழுக்கத் தண்ணி கட்டினா இதுதான் நிலைமை. நாம அந்தத் தண்ணிக்கு எதிர்ப்பக்கம், அறைக்குள்ள நின்னுக்கிட்டுப் பெயின்ட் அடிக்கிறோம். வெளியேருந்து பத்துப் பேர் தள்ளுற கதவுக்கு உள்பக்கம் காலண்டரை ஒட்டி வெச்ச மாதிரி.

இதுல என் கட்சி ரொம்ப எளிமையானது. தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம ஒரு பைசா செலவு பண்ணக் கூடாது. டப்பா வாங்குறது கடைசி வேலை.

பேஸ்மென்ட்டுக்கு மூணு வழியில தண்ணி வரலாம். ஒண்ணு, மேல்மாடிக் குழாய் ஒழுகல். அது மழை வெயில்னு பார்க்காது, ஏப்ரல்லயும் ஈரம் காட்டும். எங்க சுவர் ஏப்ரல்ல காய்ஞ்சு கிடந்தது, அதனால குழாய் நிரபராதி. ரெண்டாவது, காத்துல இருக்கிற ஈரம். மண்ணுக்குள்ள இருக்கிற சுவர் குளிர்ச்சியா இருக்கும். ஐஸ் தண்ணி ஊத்தின சொம்புக்கு வெளியே முத்து முத்தா வேர்க்குமே, அந்த மாதிரி மழைக்காலக் காத்து பட்டா சுவர் வேர்க்கும். மூணாவது, வெளி மண்ணுலேருந்து ஊறி வர்ற தண்ணி.

ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அஞ்சு ரூபாய் பாலித்தீன் தாள் போதும். பெயின்ட் உரிஞ்ச இடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி தாளை வெச்சு நாலு பக்கமும் டேப் போட்டு ரெண்டு நாள் விடணும். தாளுக்கு அறைப்பக்கம் ஈரம் இருந்தா காத்து. சுவர்ப்பக்கம் ஈரம் இருந்தா மண்ணு. நான் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ஒட்டினேன். மேல் தாள்ல அறைப்பக்கம் ஈரம், கீழ்த்தாள்ல சுவர்ப்பக்கம் ஈரம். ரெண்டு வியாதியும் சேர்ந்தே இருக்கு! காத்தோட்டம் வேணும்னு ஜூலை மாசம் பூரா ஜன்னலைத் திறந்து வெச்சதே நாங்கதான். சுவர் காயட்டும்னு செஞ்சது, சுவரை நனைச்சிருக்கு.

மண்ணுத் தண்ணியோட மூலம் 2024 ஜூன் 28 அன்னிக்குத் தெரிஞ்சது. டெல்லிக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. சப்தர்ஜங்ல 24 மணி நேரத்துல 228.1 மில்லிமீட்டர், ஜூன் மாசத்துக்கு 1936க்கு அப்புறம் அதுதான் அதிகம். காலங்கார்த்தால குடையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தி வந்தேன். பக்கச் சந்துல மொட்டை மாடிக் குழாய் சுவரை ஒட்டி அருவி மாதிரி கொட்டுது. சந்துத் தரையோட சரிவு தெருப் பக்கம் இல்லை, வீட்டுச் சுவர்ப் பக்கம்! ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். எங்க மொட்டை மாடி 120 சதுர மீட்டர். 120ஐ 228ஆல பெருக்கினா 27,360 லிட்டர். 9,000 லிட்டர் தண்ணி லாரி மூணு. அத்தனையையும் நாமளே குழாய் போட்டுக் கூட்டிட்டு வந்து பேஸ்மென்ட் சுவர் காலடியில ஊத்திட்டு, சுவர் ஊறுதுன்னு அழறோம்.

அன்னிக்கே அறையைக் காலி பண்ணி மேஜையை ஹாலுக்கு ஏத்தினோம். சரியா ஒரு மாசத்துல, ஜூலை 27ந் தேதி, பழைய ராஜேந்தர் நகர்ல ஒரு ஐஏஎஸ் பயிற்சி மையத்தோட பேஸ்மென்ட் நூலகத்துல வெள்ளம் புகுந்து மூணு பேர் செத்துப் போனாங்க. எல்லாரும் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளைங்க. சுவர்ல ஊறுறதும் படிக்கட்டு வழியா பாயறதும் ஒண்ணில்லைதான். ஆனா ரெண்டுக்கும் பின்னால இருக்கிற மனசு ஒண்ணு: சாமான் போட்டு வைக்கிற இடத்துல ஆளைப் போட்டு வைக்கிறது.

லீஸ் புதுப்பிக்கிறப்ப வாடகையைக் குறைச்சு பேஸ்மென்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டோம். 2025 மார்ச்ல, புதுப் புட்டி காய்ஞ்சு பளபளன்னு இருக்கிற நேரம், வீட்டுக்காரர் ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு வந்தார். ஒருத்தன் திண்டுக்கல் பக்கம். நான் போன்ல தமிழ் பேசுறதைக் கேட்டுட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, நீங்க தமிழா? ரூம் நல்லாருக்குண்ணே, வாடகையும் கம்மி. மழைக்கு எப்படிண்ணே?"

வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கிறார். தமிழ் தெரியாது. ஒரே வார்த்தையில "வேண்டாம் தம்பி"ன்னு சொல்லிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ளே போயிருக்கலாம். அப்படிச் செய்ய மனசு வரலை, மூணு வருஷமா மருந்து மாத்திரைன்னா முதல்ல வந்து நிக்கிற மனுஷன் அவர். பையன்கிட்ட தமிழ்ல, "ஆகஸ்ட்ல இந்தச் சுவர் ஊறும், என் பொண்ணு இருமினா, தூங்குறதுக்கு ஆன இடம் இல்லை"ன்னேன். அதையே திரும்பி அவர்கிட்ட இந்தியில சொன்னேன். பசங்க போயிட்டாங்க. பத்து நாள் அவர் என்னைப் பார்த்தா நமஸ்தே சொல்றதில்லை. தங்கமணிக்குப் பயம், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரோன்னு.

பதினோராவது நாள் கையில பேப்பரோட வந்தார். "மூணு லாரின்னு ஏதோ சொன்னீங்களே, அதை எழுதிக் காட்டுங்க."

காட்டினேன். கூடவே பி.காம் முதல் வருஷப் பாடத்தையும் சொன்னேன். வருஷா வருஷம் 18 ஆயிரம் புட்டிக்குப் போறது வருவாய்ச் செலவு, அடுத்த வருஷம் மறுபடி அழணும். சரிவை மாத்துறது மூலதனச் செலவு. ஒரு தடவை வலிக்கும், அப்புறம் வீட்டோட மதிப்புல சேரும்.

அந்த மே மாசம் வேலை நடந்தது. மொட்டை மாடிக் குழாயை மூடின குழாயா நீட்டி, சுவரை விட்டுத் தள்ளி, தெரு மழைநீர் வடிகாலுக்கே கொண்டு போனோம். சந்துத் தரையை உடைச்சு சரிவை வெளிப்பக்கம் திருப்பினோம். (மழைநீர் சேகரிப்புக் குழி வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ரொம்ப நல்ல காரியம், ஆனா பேஸ்மென்ட் சுவர் ஓரத்துல மட்டும் வேண்டாம்.) வெளிப்பக்கம் எட்டடி தோண்டிப் பூசுறதுதான் முழு வைத்தியம். ஆனா பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி அவ்வளவு ஆழம் தோண்டுறது ஆபத்துன்னு இன்ஜினியர் தடுத்துட்டார். அதனால உள்ளே உப்பேறின பூச்சைச் செங்கல் தெரியற வரைக்கும் கொத்தி எடுத்தோம். சுவரும் தரையும் சேர்ற மூலைதான் பெரிய ஓட்டை. அதைக் காடி வெட்டி, சுருங்காத சிமென்ட் கலவையால அடைச்சு, அதுக்கு மேல, செங்கலோட பிடிச்சுக்கிற சிமென்ட் வகை வாட்டர்ப்ரூப் பூச்சு. தாழ்வான மூலையில ஒரு குழி, மிதவை சுவிட்ச் வெச்ச பம்ப், அதுக்கு இன்வர்ட்டர். மழை பெய்யறப்பத்தானே கரென்ட் போகும்! பிளக் பாயின்ட்டெல்லாம் இடுப்புக்கு மேலே ஏறிடுச்சு, 30 மில்லி ஆம்பியர்ல விழுற டிரிப்பரும் போட்டாச்சு.

புட்டி மாதிரி நாலஞ்சு மடங்கு செலவு. இதையே வீடு கட்டுறப்ப, மண்ணு மூடுறதுக்கு முன்னாடி, அடியிலயும் சுத்திலயும் கோட்டா கல் பதிச்சு பெட்டி மாதிரி வாட்டர்ப்ரூப்பிங் பண்ணியிருந்தா இந்தக் கூத்தே இல்லை. கட்டினவர் வித்துட்டுப் போயிட்டார். மிச்சம் பிடிச்சது அவர், செலவு செஞ்சது வீட்டுக்காரர், இருமினது என் பொண்ணு.

இதுல எனக்கும் பங்கு இருக்கு. வீட்டுக் கடனுக்கு எத்தனையோ மதிப்பீட்டு அறிக்கையில கையெழுத்து போட்டிருக்கேன். பரப்பளவு, அனுமதி வரைபடம், கட்டடத்தோட வயசு, சந்தை விலை எல்லாம் பார்த்திருக்கேன். சுவரோட அடி முழத்தை யாராவது தொட்டுப் பார்த்தாங்களான்னு ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. இப்ப கேக்கறேன். பேஸ்மென்ட் உள்ள வீடுன்னா மழைக்காலத்துல ஒரு தடவை போய்ப் பாருங்கன்னு வாங்குறவங்க கிட்டயும் சொல்றேன். மார்ச் மாசத்துல எல்லா சுவரும் யோக்கியம்தான்.

2025 மழைக்கு அடிச்சுவர் காய்ஞ்சே இருந்தது. வடகிழக்கு மூலையில மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு லேசா ஈரம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். பேஸ்மென்ட்ல இப்ப வீட்டுக்காரரோட ரெண்டு பழைய கூலரும் ஒரு சைக்கிளும் குடியிருக்கு. அதுங்களுக்கு இருமல் வராது.

சீலன் முழுசாக் காலி பண்ணலை. ஒரு மூலையில பெட்டி படுக்கையைக் கட்டி வெச்சிருக்கார். கண் வெச்சுக்கிட்டே இருக்கேன்.