கழிமுகச் சேற்றை யார் சோதிப்பது?

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் இறாலில் குளோராம்ஃபெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் இருந்தால் அந்தச் சரக்கை ஏற்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகங்கள் உண்டு, சான்றிதழ் உண்டு, அதிகாரிகள் உண்டு. கடலூர் மாவட்டத்தின் கழிமுகங்களில் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, இறாலைப் பிடித்துப் பறியில் சேர்க்கிற இருளர், தலித் பெண்களின் பிடிப்புக்கு அப்படியொரு சான்றிதழ் கேட்பார் இல்லை. வெளிநாட்டார் தட்டுக்கு ஒரு கவனம், நம் ஊர்ச் சட்டிக்கு ஒரு கவனம் என்று இருப்பதை நாம் இயல்பானதாக எடுத்துக்கொண்டு விட்டோம். இதைக் கேள்வி கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மருந்து நீரில் கலந்தால் என்ன ஆகும்? சாயக்கழிவு கலந்தால் நிறம் மாறும், அமிலம் கலந்தால் மீன் செத்து மிதக்கும். மருந்து அப்படி அல்ல. அது கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் நாறாது. மிகக் குறைந்த அளவில் உடலுக்குள் போய் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட பொருள் அது. மனித உடலில் அது தொடுகிற அதே உறுப்புகளும் சுரப்பிகளும் மீனுக்கும் பறவைக்கும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை ஆய்வாளர்கள் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். அளவு, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். அதாவது ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நீருக்கு ஒரு கிராம். ஆண் மீன்களின் உடலில் பெண் மீனுக்கே உரிய முட்டைப் புரதம் உருவானது. அந்த ஏரியின் சிறுமீன் இனம் ஒன்று கிட்டத்தட்ட அழிந்தே போனது. 2007-இல் வெளியான முடிவு இது.

கழிமுகத்திலும் இதுபோன்ற எச்சரிக்கைகள் உண்டு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கழிமுகங்களில் வாழும் இறால் போன்ற ஒரு சிற்றுயிரை, மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளூஆக்ஸெடின் கலந்த நீரில் விட்டார்கள். இருட்டில் ஒளிந்து வாழ வேண்டிய அந்த உயிர், ஐந்து மடங்கு அதிகமாக வெளிச்சத்தை நோக்கி நீந்தியது. வெளிச்சத்துக்கு வந்தால் மீனும் பறவையும் அதைக் கொத்திவிடும். அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா கரையோரத்தில் பிடித்த 93 மீன்களைச் சோதித்தபோது, ஒரு மீனுக்குச் சராசரியாக 7 மருந்துகள் இருந்தன. ஒரே மீனில் 17 மருந்துகள் இருந்ததும் உண்டு. இரத்த அழுத்த மாத்திரை, மனநல மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

இவை வெளிநாட்டுக் கதைகள் என்று தள்ளிவிட முடியாது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் வலி நிவாரணிகள் கலந்திருப்பதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே கண்டறிந்து வெளியிட்டிருக்கிறார்கள். வலிப்பு நோய்க்கான கார்பமாசெபைன் மருந்தும் காவிரியில் கண்டறியப்பட்டிருக்கிறது. வெள்ளாறு எங்கே போய்ச் சேருகிறது? நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில். காவிரியின் வெள்ளத்தைச் சுமந்து வரும் கொள்ளிடம் எங்கே கடலில் விழுகிறது? நம் மாவட்டத்தின் தென் எல்லையில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பிச்சாவரம் சதுப்புக் காடு. மேட்டில் உள்ள ஊர்களின் கழிவு எல்லாம் கடைசியாக வந்து தங்கும் இடம் கழிமுகம்தான். ஆறு கொண்டு வந்ததைக் கடல் ஏற்றம் மறுபடி உள்ளே தள்ளுகிறது. சேறு அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேற்றை வடிகட்டித் தின்று வாழ்வது மட்டியும் புழுவும். அவற்றைத் தின்பது நண்டும் கெளுத்தியும் கொக்கும். கடைசியில் நாம்.

மருந்து நீருக்கு வரும் வழிகள் பல. நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறுகிறது. மருத்துவமனைச் சாக்கடை, கால்நடைக்குப் போடும் ஊசி, இறால் பண்ணையில் இருந்து திறந்து விடும் நீர், காலாவதியானதென்று வாய்க்காலில் எறியும் அட்டை மாத்திரை எல்லாம் சேர்கின்றன. இவை எல்லாவற்றையும்விடச் செறிவாக வரக்கூடியது மருந்து மூலப்பொருள் ஆலைகளின் கழிவுநீர். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. அது சுத்திகரித்த பிறகான அளவு என்பதை மறந்துவிடக் கூடாது.

கடலூர் சிப்காட்டிலும் மருந்து, இரசாயன ஆலைகள் இருக்கின்றன. தொழிற்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவில் ஓடுகிறது உப்பனாறு. 2003-இல் ஓய்வு பெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயம் இங்கு வந்து, சுற்றுச்சூழலும் வாழ்வாதாரமும் சிதைந்ததைப் பதிவு செய்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டில் மிகக் கடுமையாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளில் ஒன்றாகக் கடலூரைச் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும், ஆற்றில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை ஆற்றில் இறங்குபவர்களுக்குத் தமிழில் எழுதி ஒட்டும் வழக்கம் வரவில்லை.

விதிகளிலும் ஓட்டை இருக்கிறது. மருந்து ஆலைக் கழிவுநீரில் மீனை விட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 96 மணி நேரம் கழித்து 90 விழுக்காடு மீன் உயிரோடு இருந்தால் தேறிவிடும். நாம் மேலே சொன்ன மீனும் இறாலும் நான்கு நாளில் சாகவில்லை. ஒன்று இனம் பெருக்க முடியாமல் போனது, மற்றொன்று ஒளிந்துகொள்ள மறந்து போனது. செத்தால் மட்டுமே கேடு என்று எண்ணும் சோதனையின் கண்ணில் இது படாது. ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு உச்ச அளவு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்த அளவுகள் காணாமல் போயிருந்தன.

மருந்து ஓர் உயிரினத்தை அழித்த பிறகு விழித்துக்கொண்ட அனுபவம் நமக்கு ஏற்கெனவே உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவின் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தன. காரணம் 2004-இல் தெரிந்தது, கால்நடைக்கான தடை 2006-இல் வந்தது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். கழுகு குறைந்ததை மாடு கிடக்கும் பொட்டலில் முதலில் கண்டவர்களும் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கழிமுகத்தில் மட்டி குறைகிறதா, இறால் சிறுத்துவிட்டதா, மடவை எந்த மாதம் வருகிறது என்பதை நாள்தோறும் சேற்றில் நிற்பவர்கள் இன்று அறிந்திருக்கிறார்கள். அவர்களிடமும் யாரும் கேட்பதில்லை.

அவர்கள் தாமாகச் சொல்லவும் தயங்குகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆற்று மீன் கெட்டுவிட்டது என்ற பேச்சு எழுந்தால், சந்தையில் முதலில் விலை போகாமல் தேங்குவது அவர்கள் கூடைதான். வீட்டுப் பிள்ளை அதே தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாகப் போகிறான் என்றால் வாய் இன்னும் கட்டப்படும். படகும் வலையும் பதிவும் இல்லாததால், பல குடும்பங்கள் அரசின் கணக்கில் மீனவராகவே இல்லை. ஆற்று வளம் குறைந்ததற்கு இழப்பீடு என்று ஒன்று வந்தாலும் அவர்கள் பெயர் பட்டியலில் இராது. ஆளி ஓடு காலைக் கிழித்தால், மருந்துக்கு அடங்காத கிருமி புண்ணில் ஏறும் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். அரசு மருத்துவமனையின் சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காமல் போனால், விலை உயர்ந்த மருந்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

நாம் மருந்துக்கு எதிரி அல்ல. ஏழையின் உயிர் ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையில்தான் நிற்கிறது. அந்த மாத்திரை நாளையும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது குற்றம் என்று 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆலைக் கழிவுக்கு அந்தப் பிரிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தச் சட்டத்தின் பின்னால் உள்ள நியாயம் கழிமுகத்துக்கும் பொருந்தும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அரசிடம் நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. உப்பனாறு, வெள்ளாறு, பிச்சாவரம் பகுதிகளின் நீர், சேறு, மட்டி, இறால் ஆகியவற்றில் மருந்து எச்சத்தை மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இருமுறை சோதிக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. அதை இப்பணியில் சேர்க்கலாம். முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கைதடவி மீன் பிடிக்கும் ஆணையும் பெண்ணையும் மீனவராகப் பதிவு செய்ய வேண்டும். கைவிடப்பட்ட ஆன்டிபயாடிக் உச்ச அளவுகளை மத்திய அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும். வீட்டில் மீந்த மருந்தைத் திரும்பப் பெறும் திட்டத்தைக் கேரள அரசு 2025-இல் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அது வர வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. மீந்த மாத்திரையை வாய்க்காலிலோ கழிப்பறையிலோ போடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்னாதீர்கள். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, சேற்றில் இறங்கும் அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து கேளுங்கள்: முன்பு எந்த மீன் எங்கே கிடைத்தது, எந்த ஆண்டிலிருந்து கிடைக்கவில்லை? ஊர்ப் பெயரோடும் மாதத்தோடும் எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வைத்துச் சோதனை கோரும் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு, மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏற்றுமதி இறாலைச் சோதிக்க முடிந்த அரசால், இந்தச் சேற்றையும் சோதிக்க முடியும்.