மேசையை ஒழிக்க மாட்டேன்

எங்கள் வீட்டுக்கு வந்த சித்தப்பா ஒருவர் கூடத்து அலமாரியில் இருந்த சிவப்புக் காரைக் கையில் எடுத்துப் பார்த்தார். 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் பிளாஸ்டிக் மாதிரி அது. நிஜக் காரில் 24இல் ஒரு பங்கு, ஒரு சாணுக்கும் குறைவான நீளம். "தம்பி பண்ணினதா? கை சுத்தமா இருக்கே" என்றார். தம்பி என்றது என் மகனை. "இல்ல சித்தப்பா, நான் பண்ணினது" என்றேன். காரைக் கீழே வைத்தார். "உனக்கு இதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்?"

மகன் செய்திருந்தால் பாராட்டு. நான் செய்தால் விசாரணை.

குத்தாலம் என்றதும் அருவியா என்று கேட்பார்கள். அருவி இருப்பது குற்றாலத்தில். இது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள காவிரிக்கரை ஊர். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் மகனுக்குக் கொடுத்த பெட்டி அது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்க, பெட்டி மகனுக்கு மட்டும்தான் வந்தது. மகளுக்கு வளையல். இரண்டே நாளில் அவன் அலுத்துப்போய் ஓரமாகப் போட்டதை நான் எடுத்தேன்.

பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது. ஒரு சொட்டு கூடினால் உருவம் கெடும். பெயிண்டை ஒரே பூச்சாக அடித்தால் வழியும். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து அடிக்க வேண்டும். அடைமழை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். இதில் எதுவும் எனக்கு அந்நியமாக இல்லை. ஈரத் தரையில் எந்தப் பதத்தில் மாக்கோலம் போட வேண்டும், ரவிக்கைக்குக் கைத்தையல் எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்த கைதான் இதையும் செய்தது.

அந்தக் கைத்திறனுக்கு உலகம் என்ன விலை போட்டது என்று பாருங்கள். இங்கிலாந்தில் டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தவர்கள் பெண்கள். அதைத் திறன் குறைந்த வேலை என்று நிர்வாகம் வகைப்படுத்தியது. 1968 ஜூன் 7 அன்று 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். இருக்கை இல்லாமல் கார் இல்லை என்பது சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்தது. 1970இல் சம ஊதியச் சட்டம் வருவதற்கு அந்தப் போராட்டம் வழிவகுத்தது. ஆனால் தங்கள் வேலை திறன் வாய்ந்தது என்று வகை மாற்றிக்கொள்ள அவர்கள் 1984இல் இன்னொரு முறை வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கூலியைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், திறமை என்று ஒப்புக்கொள்ளத்தான் மனசு வராது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் வயலுக்கு வாருங்கள். சேற்றில் குனிந்து நாற்று நட்டவர்கள் பெண்கள். நடவு இயந்திரம் வந்தது. நான் பார்த்தவரை அதன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் ஆண். குனிந்து செய்தவரை அது பொம்பளை வேலை. உட்கார்ந்து செய்ய முடிந்ததும் அது 'டெக்னிக்கல்' வேலை.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். அந்த வேலையைச் செய்யும் ஆண் 97 நிமிடம். நேரம் எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள். அது யாரிடம் போயிருக்கிறது என்று கேளுங்கள்.

எனக்குக் கிடைத்ததும் துண்டு நேரம்தான். சோறு வேகும் நேரம், தண்ணீர் வரும்வரை காத்திருக்கும் நேரம். ஒருநாள் கல்யாணப் பத்திரிகை வைக்க ஆட்கள் வந்தார்கள். "மேசையை ஒழிச்சுக் குடு" என்று ஒரு குரல். பாகங்களை எல்லாம் செய்தித்தாளோடு சுருட்டி எடுத்தேன். முன் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது அந்தக் குரல் மேல் அல்ல. இரண்டாவது முறை சொல்வதற்குள் ஓடிப்போய் ஒழித்த என் கை மேல்தான். இதே வீட்டில் அவருடைய ஃபைல்கள் அதே மேசையில் ஒரு வாரம் கிடக்கும். யாரும் தொடமாட்டோம்.

நாம் செய்வது எதுவும் தங்குவதில்லை. காலையில் போட்ட கோலத்தை மதியத்துக்குள் மிதித்தாகிறது. கொலு வைக்கும் வீடுகளில் பார்க், தெப்பக்குளம் என்று ஒரு ஊரையே பெண்கள் சின்னதாகக் கட்டுகிறார்கள். பத்து நாளில் அது பெட்டிக்குள் போகிறது. சமைத்தது தின்று தீர்கிறது. கலைந்துபோவதைச் செய்தால் 'லட்சணமான பொண்ணு'. கலையாத ஒன்றைத் தனக்காகச் செய்தால் 'வேலை இல்லையா?'

நடவாளுக்குக் கூலியே பிரச்சினையாக இருக்கும்போது பொம்மைக் காரைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பெட்டி எனக்கு இலவசமாக வந்தது. அவர்களுக்கு வராது. ஆனால் 1923இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினத்தின் அடிப்படையே எட்டு மணி நேர வேலைதான். எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், மீதி எட்டு மணி தனக்கு. அந்த மூன்றாவது எட்டு நடவு முடிந்து வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு இதுவரை வந்து சேரவில்லை. அவளுக்குத்தான் அது முதலில் சேர வேண்டும். கூலியைக் கேட்போம், அதோடு அந்த எட்டையும் கேட்போம். ஏழை என்பதால் அவளுக்குப் பொழுது வேண்டாம் என்பது முதலாளியின் வாதம். அதை நாம் ஏன் பேச வேண்டும்?

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு பயனும் இல்லை. டீக்கடைச் சீட்டாட்டத்துக்கு யாரும் பயன் கேட்டதில்லை.

அடுத்த பெட்டியை என் காசில் வாங்கிவிட்டேன். மகளும் கூட உட்காருகிறாள். ஜன்னலோர மேசையில் பாகங்கள் பரப்பிக் கிடக்கின்றன. விருந்தாளி வந்தால் தரையில் பாய் விரித்து இலை போடுவோம். அந்த மேசையை ஒழிக்க மாட்டேன்.