பழைய லேசரை மறைக்க வேண்டாம்



கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் லேசிக் சிகிச்சை செய்துகொண்ட அநேகர் நம் நடுவில் உண்டு. வேலைக்காகச் செய்தவர்கள் சிலர். பெண் பார்க்க வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாதென்று திருமணத்திற்கு முன் சத்தமில்லாமல் செய்துகொண்டவர்கள் சிலர். இன்று அவர்களுக்கு ஐம்பது வயதாகிறது, கண்புரையும் தொடங்குகிறது.

அண்மையில் ஒரு சகோதரி என்னிடம், "பாஸ்டர், புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். தூரத்திற்கும் கிட்டத்திற்கும் சேர்த்து மல்டிபோகல் லென்ஸ் வைக்கிறார்கள். முன்பு லேசர் செய்ததை நான் டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டில் அவருக்கும் தெரியாது" என்றார். "முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள் அம்மா" என்றேன்.

காரணம் இதுதான். கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிழிக்குரியது. கிட்டப்பார்வைக்குச் செய்யும் லேசர், கருவிழியின் முன்புற மையத்தைத் தட்டையாக்குகிறது. புரை லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான முறையோ முன்புற வளைவை மட்டும் அளந்து, பின்புறம் இயற்கையான விகிதத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. லேசர் செய்த கண்ணில் அந்த விகிதம் மாறியிருக்கும். ஆகையால் தேவைக்குக் குறைந்த பவருள்ள லென்ஸ் வைக்கப்பட்டு, கண்ணில் ப்ளஸ் பவர் மிஞ்சிவிடக்கூடும். இத்தகைய கண்களுக்கென்றே பாரெட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல் போன்ற கணக்கு முறைகள் உண்டு. லேசர் நடந்தது தெரிந்தால்தானே அவற்றைப் பயன்படுத்த முடியும்?

மல்டிபோகல் லென்ஸில் இன்னொரு காரியமும் உண்டு. அது உள்ளே வரும் ஒளியைத் தூரத்திற்கும் கிட்டத்திற்குமாகப் பிரிக்கிறது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையலாம்; இரவில் விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தோன்றலாம். லேசர் செய்த கருவிழியிலும் இதே குறைகள் ஓரளவு இருக்கக்கூடும். இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்தால் இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு அது பெரிய பாரம். பவர் சிறிது பிசகினாலும் மல்டிபோகல் லென்ஸில் பார்வை அதிகமாய்க் கெடும்.

லேசர் செய்த எவருக்கும் இந்த லென்ஸ் ஆகாது என்று சொல்லவில்லை. கருவிழி சீராகவும், லேசர் மையம் பிசகாமலும், கண் வறட்சி இல்லாமலும் இருந்தால் நற்பலன் அடைகிறவர்கள் உண்டு. ஆகையால் பழைய சிகிச்சைச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். கருவிழியின் மேடுபள்ளம் காட்டும் டோபோகிராபி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உங்கள் வேலை என்ன, இரவில் வண்டி ஓட்டுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். விலை உயர்ந்த லென்ஸ் எல்லாக் கண்ணுக்கும் உயர்ந்த லென்ஸ் அல்ல.

அந்தச் சகோதரி டாக்டரிடம் சொன்னார். கண்ணை மறுபடியும் அளந்து, தூரப்பார்வைக்கான மோனோபோகல் லென்ஸ் வைத்தார்கள். இப்பொழுது படிக்கும்போது மட்டும் கண்ணாடி அணிகிறார். கணவரிடமும் அன்றே சொல்லிவிட்டாராம். "இதையா இத்தனை வருஷம் மறைத்தாய்?" என்று அவர் சிரித்தாராம்.

மறைத்ததால் வரும் இழப்பைவிட, சொல்வதால் வரும் கூச்சம் மிகச் சிறியது.